ரூமுக்கு இன்னும் பணம் அனுப்பலைல்ல?

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்ல இருந்து எழுதியிருக்கிற பொண்ணுக்கு,

உன் லெட்டர் ரெண்டு பக்கம், கேள்வி ஏழெட்டு இருக்கு, ஆனா கடைசி பாராவுல போற போக்குல ஒண்ணு சொல்லியிருக்க பாரு, முதல்ல அதுக்குத்தான் பதில். "ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபான்டைன்ல ஒரு ரூம் ஆன்லைன்ல பார்த்தோம் ஆண்ட்டி, போட்டோ எல்லாம் சூப்பரா இருக்கு, ஓனர் வெளியூர்ல இருக்காராம், டெபாசிட் 4,500, முதல் மாச வாடகை 4,500, மொத்தம் 9,000 ரேண்ட் இந்த வாரத்துக்குள்ள போட்டாதான் ரூமை நமக்கு வச்சிருப்பாராம்"னு எழுதியிருக்க. அனுப்பாத. அப்பா ஏற்கனவே பேங்க் ஆப்பைத் திறந்து வச்சிருந்தா மூடச் சொல்லு.

ஜனவரி, பிப்ரவரி வந்தா இந்த வேலை செய்யறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. வேற யாரோ போட்ட விளம்பரத்துல இருந்து போட்டோவை எடுத்து, வாடகையைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டு, ஓனர் வெளியூர், சாவி வாட்ச்மேன்கிட்ட, வேற மூணு பேர் கேட்டுட்டு இருக்காங்க, சீக்கிரம் போடுங்கன்னு ஒரே பாட்டுதான். நீ ரெண்டு பேக்கைத் தூக்கிட்டுப் போய் நிக்கும்போது அந்த அட்ரஸ்ல அப்படி ஒரு ரூமே இருக்காது. இவர் நிஜமான ஓனராவே இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல, ஆனா நிஜமான ஓனர்னா உன் ஆள் ஒருத்தர் நேர்ல வந்து ரூமைப் பார்க்கட்டும்னு சொன்னா கோச்சுக்க மாட்டார். ஜோபர்க்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருப்பாங்க, லெனேசியாலயோ ஃபோர்ட்ஸ்பர்க்லயோ, ஒரு சனிக்கிழமை காலைல போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லு. அதுக்கும் முன்னாடி நீ சேரப் போற விட்ஸ் யூனிவர்சிட்டி அவங்களே செக் பண்ணி ஓகே சொன்ன வெளி ஹாஸ்டல்ங்க லிஸ்ட் வச்சிருக்காங்க, ஸ்டூடண்ட் ஹவுசிங் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளு. ரெஸ்ல, அதாவது யூனிவர்சிட்டியோட சொந்த ஹாஸ்டல்ல, வெயிட்டிங் லிஸ்ட்னு சொன்னாங்கன்னு விட்டுடாத, ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்ச அப்புறம் வராம போற பசங்க இடம் நிறைய காலியாகும், வாரத்துக்கு ஒரு தடவை கேட்டுட்டே இரு.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக லெட்டரைச் சுருக்கமா சொல்லிடறேன். பொண்ணுக்கு 18 வயசு, மேட்ரிக், அதான் ஸ்கூல் கடைசி வருஷப் பரிட்சை, நல்லா பாஸ் பண்ணியிருக்கு, விட்ஸ்ல சிவில் இன்ஜினியரிங் கிடைச்சிருக்கு, நாலு வருஷப் படிப்பு. அப்பா இசிபிங்கோல ஒரு ஃபேக்டரில சூப்பர்வைசர், அம்மா ஒரு கடைல அரை நாள் வேலை, ரெண்டு பேர் வருமானமும் சேர்த்து போன வருஷம் 3,72,000 ரேண்ட். படிக்க அரசாங்கம் பணம் கொடுக்கற என்எஸ்ஃபாஸ் முடியாதுன்னு சொல்லிடுச்சு. பேங்க் லோன் தர ரெடி, அப்பா ஜாமீன் போடணும். வாடகை சேர்த்து மாசம் 7,500 வீட்ல இருந்து அனுப்ப முடியும். கேள்வி என்னன்னா, எப்படி மிச்சம் பிடிக்கறது, எமர்ஜென்சிக்கு துணிக்கடைல கடனுக்கு வாங்கற அக்கவுண்டோ கிரெடிட் கார்டோ எடுத்து வச்சுக்கலாமா, லேப்டாப் எது வாங்கறது, அப்புறம் அம்மா தனியா ஒரு கேள்வி கேட்டிருக்காங்க, அதுக்குக் கடைசில வரேன்.

நான் டெட் கவுன்சலர். கடன்ல மூழ்கினவங்க வந்து உக்கார்ற ஆபீஸ் என்னோடது. அதனால நான் பார்க்கற கோணம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். ஸ்டூடண்ட்ஸ்க்கு அட்வைஸ் சொல்றவங்க எல்லாம் காபி வாங்காத, டேக்அவே சாப்பிடாதன்னு ஆரம்பிப்பாங்க. டேக்அவே சாப்பிட்டு என் ஆபீஸ்க்கு வந்தவங்க யாரும் இல்ல. வர்றவங்க எல்லாம் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தவங்கதான், ரூம் லீஸ், லோன் ஜாமீன், கடை அக்கவுண்ட், இந்த மூணுல ஏதோ ஒண்ணு. 18 ஆயிடுச்சுன்னா இந்த நாட்டுல உன் கையெழுத்து உன்னோடது, அப்பா வந்து என் பொண்ணு சின்னப் பொண்ணுன்னு சொல்லிக் கிழிக்க முடியாது. அதனால நான் இந்த மூணையும் பத்தித்தான் நிறைய பேசப் போறேன், அரிசி பருப்பு அப்புறம்.

என்எஸ்ஃபாஸ்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நீ அதை முடிஞ்ச கதையா எழுதியிருக்க. குடும்ப வருமானத்துக்கு அவங்க எல்லை வருஷத்துக்கு 3,50,000. 2018ல வச்ச கோடு, அதுக்கப்புறம் ரொட்டி விலை எங்க போயிடுச்சு, கோடு மட்டும் அங்கயே நிக்குது, அது வேற கோபம். ஆனா உன் லெட்டர்லயே இருக்கு, ஆகஸ்ட்ல இருந்து அப்பாவுக்கு ஓவர்டைம் நிறுத்திட்டாங்கன்னு. என்எஸ்ஃபாஸ்காரங்க வருமானத்தை சார்ஸ், அதாவது வரி ஆபீஸ், கணக்கோட ஒத்துப் பார்க்கறாங்க, அந்தக் கணக்கு பழைய வருமானம், ஓவர்டைம் இருந்த காலம். இப்ப அப்பாவோட அடிப்படைச் சம்பளத்தை 12ஆல பெருக்கி அம்மா சம்பளத்தைச் சேர்த்துப் பாரு. 3,50,000க்குக் கீழ வந்துச்சுன்னா அப்பீல் போடு. வருமானம் குறைஞ்சு போச்சுங்கறது அப்பீலுக்கு ஒரு சரியான காரணம். கடைசி மூணு மாசப் பேஸ்லிப், ஓவர்டைம் நிறுத்தினதுக்கு கம்பெனில இருந்து லெட்டர்ஹெட்ல ஒரு கடுதாசி, அம்மாவோட பேஸ்லிப், எல்லாத்தையும் தெளிவா ஸ்கேன் பண்ணி போர்ட்டல்ல ஏத்து, ரிஜெக்ட் பண்ணின மெசேஜ்ல அப்பீலுக்குத் தேதி போட்டிருக்கும், அதுக்குள்ள. இதுக்குக் காசு கிடையாது. 500 கொடு நான் உள்ள ஆள் வச்சு முடிச்சுத் தரேன்னு யாராவது வந்தா அவனுக்கு உன் ஐடி நம்பரைக் கூட சொல்லாத. அப்பா "அதுவும் கடன்தானே"ன்னு சொன்னதா எழுதியிருக்க, அவர் சொல்றது பழைய கதை, 2018ல இருந்து முதல் டிகிரிக்குப் போற புதுப் பசங்களுக்கு அது பர்சரி, திருப்பிக் கட்ட வேண்டியதில்ல, ஆனா ஒழுங்கா பாஸ் பண்ணிட்டே இருக்கணும்.

அப்பீலும் நிக்கலைன்னா, 3,50,000க்கும் 6,00,000க்கும் நடுவுல மாட்டிக்கிட்ட குடும்பங்களுக்கு இக்குசாசா, ஐஸ்ஃபாப்னு சொல்லுவாங்க, அது இருக்கு, இன்ஜினியரிங் மாதிரி ஆள் தேவைப்படற படிப்புங்களுக்குத்தான் அவங்க பணம் கொடுக்கறாங்க, அதனால உன்னைப் பார்ப்பாங்க. அரசாங்கம் 2024ல இதே நடு வர்க்கத்துக்குன்னு ஒண்ணு அறிவிச்சது, அது கடன், பர்சரி இல்ல, குழப்பிக்காத. இன்ஜினியரிங் கம்பெனி பர்சரிங்க நிறைய பேர் முதல் வருஷ மார்க் பார்த்துட்டு ரெண்டாவது வருஷத்துல இருந்து எடுக்கறாங்க, படிப்பு முடிஞ்சதும் பணம் கொடுத்த அத்தனை வருஷம் அவங்ககிட்ட வேலை செய்யணும்னு கண்டிஷன் இருக்கும், சிவிலுக்கு அது தண்டனை இல்ல, வேலை கையில இருக்குன்னு அர்த்தம்.

இப்ப பேங்க் லோன். இங்கதான் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா பேங்க்ல அப்பாகிட்ட சொன்னதா நீ எழுதியிருக்கிற வாக்கியம் "படிக்கும்போது வட்டி மட்டும்தான் சார், அசல் வேலைக்குப் போனப்புறம்". பொய் இல்ல. ஆனா பாதிதான் சொல்லியிருக்காங்க. ஒரு கணக்குக்கு வருஷம் 80,000 கடன், வட்டி 11 சதவீதம்னு வச்சுக்கோ. முதல் வருஷம் அப்பா கட்ட வேண்டிய வட்டி மாசம் 733 ரேண்ட். ஓகே, சமாளிக்கலாம். ரெண்டாவது வருஷம் இன்னொரு 80,000 சேருது, வட்டி 1,467. மூணாவது வருஷம் 2,200. நாலாவது வருஷம் 2,933. சம்பளம் அதே மாதிரி ஏறுமா? உனக்கு மாசம் அனுப்பற 7,500ம் அதே பாக்கெட்ல இருந்துதான் வருது. நீ ஒரு சப்ஜெக்ட்ல ஃபெயிலாகி அஞ்சு வருஷமா இழுத்துச்சுன்னா இன்னொரு படி ஏறும். பேங்க்ல லோன் ஆபீசர் முன்னாடி உக்காரும்போது அப்பா கேட்க வேண்டியது "நாலாவது வருஷம் மாசம் எவ்வளவு கட்டணும், எழுதிக் கொடுங்க". எழுதிக் கொடுத்தாகணும், நேஷனல் கிரெடிட் ஆக்ட்படி கடன் மொத்தமா எவ்வளவு ஆகும்னு கையெழுத்துக்கு முன்னாடி காட்டணும், கட்ட முடியுமான்னு அவங்க கணக்குப் போட்டும் பார்க்கணும்.

ஜாமீன்ங்கற பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிங்க. பெரும்பாலும் அதுல "ஜாமீன்தாரரும் சக கடனாளியும்"ங்கற மாதிரி ஒரு வரி இருக்கும், அதுக்கு என்ன அர்த்தம்னா முதல்ல பொண்ணைக் கேட்டுட்டு அப்புறம் அப்பான்னு வரிசை கிடையாது, பேங்க் நேரா அப்பாகிட்டயே வரலாம். அம்மா அப்பா கல்யாணம் சொத்து சேர்ந்த முறைல பதிவாகியிருந்தா அம்மா கையெழுத்தும் கேப்பாங்க. பயமுறுத்தல, லோன் எடுக்காதீங்கன்னும் சொல்லல, எத்தனையோ நல்ல பசங்க லோன்லதான் படிச்சு வந்திருக்காங்க. எவ்வளவு கம்மியா எடுக்க முடியுமோ அவ்வளவு எடுங்க, பேங்க் "அக்கொமடேஷன், லேப்டாப், புக்ஸ் எல்லாத்துக்கும் சேர்த்தே தரோம்"னு சொன்னா ஃபீசுக்கு மட்டும் போதும்னு சொல்லுங்க. பர்சரி எப்ப வந்தாலும் அன்னைக்கே லோனைக் குறைச்சுடணும், அதுக்கு அபராதம் இருக்கான்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க.

இதோட ஒட்டின ஒரு விஷயம், யூனிவர்சிட்டி ஃபீஸ் பாக்கியே ஒரு கடன்தான், நாலு வருஷம் முடிச்சாலும் பாக்கி இருந்தா சர்டிஃபிகேட்டைக் கைல கொடுக்க மாட்டாங்க. கோர்ஸை விடறதுன்னாலும் அதுக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும், தேதி தாண்டி விட்டா கிளாஸுக்குப் போகலைன்னாலும் முழு ஃபீஸ் உன் பேர்ல நிக்கும். மேத்ஸ், ஃபிசிக்ஸ்ல முதல் டெஸ்ட்ல அடி வாங்கினா வெக்கப்பட்டுட்டு ரூம்ல உக்காராத, டியூட்டோரியல் இருக்கும், சீனியர் பசங்க சொல்லிக் கொடுப்பாங்க, எல்லாம் நீ கட்டற ஃபீசுக்குள்ளயே வருது. ஒரு சப்ஜெக்டைத் திரும்பப் படிக்கற செலவுக்கு ரெண்டு மூணு மாசம் சாப்பிடலாம், அதனால எனக்குத் தெரிஞ்ச பெரிய சேமிப்பு இதுதான்.

ரூம் லீஸுக்குத் திரும்ப வரேன். நல்ல இடம் கிடைச்சு நேர்ல பார்த்தாச்சுன்னு வை. முதல்ல கேக்க வேண்டியது பத்து மாசமா பன்னெண்டு மாசமா. உன் வருஷம் பிப்ரவரில ஆரம்பிச்சு நவம்பர்ல முடிஞ்சுடும், டிசம்பர் ஜனவரி நீ ஃபீனிக்ஸ்ல அம்மா கை சாப்பாடு சாப்பிட்டுட்டு இருப்ப, பன்னெண்டு மாச லீஸ்ல கையெழுத்துப் போட்டா அந்த ரெண்டு மாசம் பூட்டின ரூமுக்கு 9,000. ஸ்டூடண்ட்ஸ்க்குன்னே நடத்தற நிறைய இடத்துல பத்து மாச லீஸ் உண்டு, கேட்டாதான் சொல்லுவாங்க. அடுத்தது டெபாசிட். 1999 ரெண்டல் ஹவுசிங் சட்டப்படி அதை ஓனர் வட்டி வர்ற அக்கவுண்ட்ல போட்டு வைக்கணும், வட்டி உன்னோடது, கேட்டா எழுத்துல காட்டணும், கட்டின ஒவ்வொரு பணத்துக்கும் ரசீது கொடுக்கணும். உள்ள போற அன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ரூமைச் சுத்திப் பார்த்து எது உடைஞ்சிருக்கு எது கறை பிடிச்சிருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும், நீ போன்ல வீடியோவும் எடுத்துக்கோ, கட்டிலுக்கு அடில, ஜன்னல் கொக்கி, ஷவர் மூலைல பூஞ்சை, எல்லாம். வெளிய வரும்போதும் அதே மாதிரி சேர்ந்து பார்க்கணும், ஓனர் பார்க்க வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி. பாக்கி ஒண்ணும் இல்லன்னா 7 நாள்ல டெபாசிட் திரும்ப வரணும், ரிப்பேர் செலவு ஏதாவது கழிக்கறதா இருந்தா 14 நாள், அதுவும் பில்லோட. தரலைன்னா ரெண்டல் ஹவுசிங் ட்ரிப்யூனல்ல புகார் கொடுக்கலாம், இலவசம், வக்கீல் தேவையில்ல. பசங்களுக்கு இது தெரியாதுன்னு தெரிஞ்சே டெபாசிட்டை முழுங்கற ஓனருங்க இருக்காங்க. நடுவுல ரெஸ் கிடைச்சு நீ வெளிய வரணும்னா பொதுவா 20 வேலை நாள் நோட்டீஸ் எழுதிக் கொடுத்து லீஸை முடிச்சுக்கலாம், ஓனர் நியாயமான ஒரு அபராதம் கேட்கலாம், மீதி மாச வாடகை பூராவும் கேட்க முடியாது.

இன்னொண்ணு, கரண்ட். வாடகைல சேர்ந்ததா, ப்ரீபெய்டா, ப்ரீபெய்டுன்னா சிட்டி மீட்டரா இல்ல ஓனர் வச்ச தனி மீட்டரா, யூனிட் என்ன விலை. நீ டர்பன் பொண்ணு, குளிர்னா என்னன்னே உனக்குத் தெரியாது. ஜோபர்க் கடல் மட்டத்துல இருந்து 1,700 மீட்டருக்கு மேல இருக்கு, மே மாசமே ராத்திரி எலும்புல இறங்கும். எல்லாரும் ஒரு ஹீட்டர் வாங்குவாங்க, 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிஞ்சா ரெண்டு யூனிட், ராத்திரி அஞ்சு மணி நேரம்னா பத்து யூனிட் போச்சு. எலக்ட்ரிக் பிளாங்கெட் 100 வாட்டோ என்னவோதான் இழுக்கும். ஆயா வீட்டுல அலமாரிக்கு மேல ஒரு பழைய கனமான போர்வை கண்டிப்பா இருக்கும், அதையும் எடுத்துட்டுப் போ.

துணிக்கடை அக்கவுண்ட். "எமர்ஜென்சிக்கு மட்டும்"னு எழுதியிருக்க. துணிக்கடைல என்ன எமர்ஜென்சி வரும் சொல்லு பார்ப்போம்? ஆறு மாசம் வட்டி இல்லன்னு போர்டு மாட்டியிருப்பாங்க, ஆனா ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தா சர்வீஸ் ஃபீஸ், இன்சூரன்ஸ், நீ டிக் பண்ணினதே தெரியாத கிளப் ஃபீஸ்னு மாசா மாசம் ஒட்டிட்டே இருக்கும். ரெண்டு மாசம் கட்டாம விட்டா கிரெடிட் பீரோல உன் பேர் போய் உக்காந்துக்கும், நாலு வருஷம் கழிச்சு கார் லோன் கேக்கும்போது கூட அது எட்டிப் பார்க்கலாம். உன் ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ரீயா வாங்கிப் பார்க்கலாம், பாரு. கேம்பஸ் பக்கத்துல மஷோனிசா, கை மாத்து வட்டிக்காரங்க, இருப்பாங்க, பேங்க் கார்டையும் பின் நம்பரையும் வாங்கி வச்சுட்டுப் பணம் கொடுப்பாங்க, அப்படி வாங்கி வைக்கறதே சட்டப்படி குத்தம். பக்கத்து ரூம் பொண்ணு மாட்டியிருந்தா அவகிட்டயும் இதைச் சொல்லு.

நிஜமான எமர்ஜென்சிக்கு என்ன பண்றதுன்னா, ஃபீனிக்ஸை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு மாச சாப்பாட்டுக் காசைத் தனி அக்கவுண்ட்ல போட்டு வைக்கணும். பிப்ரவரி மார்ச்தான் பசங்களுக்கு உயிர் போற காலம், டெபாசிட், ரெஜிஸ்ட்ரேஷனுக்குக் கட்டற முதல் தொகை, கால்குலேட்டர், டிராயிங் சாமான், பாத்திரம், எல்லாம் ஒரே நேரத்துல வரும், பர்சரி கிடைச்ச பசங்களுக்கே அலவன்ஸ் லேட்டாதான் வரும். அந்த ஆறு வாரத்துலதான் முதல் கடன் வாங்குவாங்க. மாமா சித்தி எல்லாம் பெட்ஷீட் செட் கிஃப்ட் கொடுக்கறேன்னு வந்தா பணமா கொடுங்கன்னு வெக்கப்படாம அம்மாவைச் சொல்லச் சொல்லு.

சரி, 7,500ல வாடகை போக 3,000. நான் பிரிச்சா சாப்பாட்டுக்கு 1,400, போக்குவரத்துக்கு 300, டேட்டாவுக்கு 200, சோப்பு ஷாம்பூ பேட் இதுக்கு 250, பிரிண்டிங் ஸ்டேஷனரி 150, வீட்டுக்கு வர்ற பஸ் காசுன்னு மாசா மாசம் 300 ஒதுக்கு, மீதி 400ஐத் தொடாத, ப்ரீபெய்டு கரண்ட்னா அது அங்க போயிடும். டைட்தான். ஆனா நடக்கும்.

1,400ல ஒரு ஆள் சாப்பிடலாம், எதை வாங்கறோம்ங்கறதுதான் விஷயம். வாட் வரி 15 சதவீதம், ஆனா சில சாமானுக்கு வரியே இல்ல, அரிசி, பருப்பு, காஞ்ச பீன்ஸ், முட்டை, பால், காய்கறி, பழம், சமையல் எண்ணெய், மீலி மீல்ங்கற சோள மாவு, பிரவுன் பிரெட், டின்ல வர்ற பில்ச்சர்ட் மீன். வெள்ளை பிரெட்டுக்கு வரி உண்டு, பிரவுனுக்கு இல்ல. கோழிக்கு உண்டு. இந்த லிஸ்ட்டைப் பார்த்தா நம்ம டர்பன் அம்மாங்க யாரோ உக்காந்து எழுதின மாதிரி இருக்கு, பருப்பும் சோறும், சுகர் பீன்ஸ் கறி, டின் ஃபிஷ் சட்னி, முட்டைக் கறி, மாசக் கடைசில நாம எல்லாரும் சாப்பிட்டு வளர்ந்தது இதுதானே. சானிட்டரி பேடுக்கும் 2019 ஏப்ரல்ல இருந்து வரி இல்ல. டின் ஃபிஷ் சட்னியும் சுகர் பீன்ஸும் கிளம்பறதுக்கு முன்னாடி நீயே ரெண்டு தடவை சமைச்சுப் பழகு, அம்மாவைப் பக்கத்துல நிக்க விடாத. ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம்தான், மசாலா, ஊறுகாய், கறிவேப்பிலை எல்லாம் அங்க கிடைக்கும், ஆனா முதல் ரெண்டு மாசத்துக்கு வீட்டு மசாலா கொண்டு போ, வாசனையாவது வீட்டு வாசனையா இருக்கட்டும். ரூம்மேட்ஸ் மூணு நாலு பேர் செட் ஆனா ஸ்டோக்வெல் சீட்டு மாதிரி ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டு 10 கிலோ அரிசி, அஞ்சு லிட்டர் எண்ணெய்னு மொத்தமா வாங்கலாம், யார் பணம் வச்சிருக்கா, என்ன வாங்கினாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிடுங்க, சண்டை வந்தா அரிசியால வராது, கணக்காலதான் வரும்.

பேங்க்ல ஸ்டூடண்ட் அக்கவுண்ட் கேளு, மாசக் கட்டணம் இல்லாமலோ ரொம்பக் கம்மியாவோ இருக்கும். கேஷ் வேணும்னா சூப்பர்மார்க்கெட்ல பில் போடற டில்லுலயே எடு, ஏடிஎம்மை விட சீப், வேற பேங்க் ஏடிஎம் பக்கமே போகாத. ஸ்டேட்மென்ட்டை மாசம் ஒரு தடவை பாரு, 99 ரேண்ட் மாதிரி சின்னதா தெரியாத டெபிட் ஆர்டர் ஓடும், சின்னதா இருந்தா கவனிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் போடறாங்க, 40 நாளைக்குள்ள ஆப்லயே டிஸ்பியூட் பண்ணினா பணம் திரும்ப வந்துடும். டேட்டாவுக்கு கேம்பஸ் வைஃபை இருக்கு, லெக்சர் வீடியோ எல்லாம் அங்கயே டவுன்லோட் பண்ணிக்கோ. மீதி டேட்டாவை அடுத்த மாசத்துக்குத் தள்ளவும் இன்னொருத்தருக்கு அனுப்பவும் 2019ல இருந்து கம்பெனிங்க வசதி கொடுத்தாகணும், மெனுல எங்கயோ ஒளிச்சு வச்சிருப்பாங்க, தேடு.

ஊருக்குள்ள போகவர விட்ஸ் பஸ் இருக்கு, கேம்பஸ்க்கும் ரெஸ்களுக்கும் நடுவுல ஓடுது, ஸ்டூடண்ட் கார்டு போதும். ரியா வாயா பஸ்ஸும் பிராம்ஃபான்டைன் வழியா போகுது. மினிபஸ் டாக்சில முன் சீட்ல உக்காராத, உக்காந்தா எல்லார் காசையும் வாங்கிச் சில்லறை எண்ணிக் கொடுக்கற வேலை உன் தலைல விழும், ஒரு ரேண்ட் குறைஞ்சாலும் டிரைவர் உன்னைத்தான் பார்ப்பார். இருட்டினப்புறம் லேப்டாப் பேக்கோட நடக்காத, பத்து ரேண்ட் மிச்சம் பிடிக்கற இடம் அது இல்ல.

லேப்டாப், இப்ப வாங்காத. இன்ஜினியரிங்ல எந்த சாஃப்ட்வேர் ஓடணும், எவ்வளவு மெமரி வேணும்னு டிபார்ட்மென்ட்டே சொல்லும், அதுவரைக்கும் கம்ப்யூட்டர் லேப் இருக்கு. ஆபீஸ்ல ஓடி வந்த பழைய பிசினஸ் லேப்டாப்பை ரிப்பேர் பண்ணி வாரண்டியோட விக்கறாங்க, புதுசுல பாதி விலைக்கு வரும், தவணைல புதுசு எடுக்கறதை விட ஆயிரம் மடங்கு நல்லது. அப்பாவோட வீட்டு இன்சூரன்ஸ்ல லேப்டாப்பையும் போனையும் வெளிய எடுத்துட்டுப் போற சாமான்னு தனியா சேர்க்க முடியுமா, ஜோபர்க் அட்ரஸ்ல இருந்தாலும் கவர் ஆகுமான்னு கேக்கச் சொல்லு. ஆபீஸ் சாஃப்ட்வேர் எல்லாம் யூனிவர்சிட்டி மெயில் ஐடி வச்சு ஃப்ரீ, கடைல காசு கொடுத்து வாங்காத. புக்கும் அப்படித்தான், ரெண்டு வாரம் கிளாஸ்ல உக்காந்து லெக்சரர் எதை நிஜமா எடுக்கறார்னு பாரு, லைப்ரரில ஷார்ட் லோன்ல இருக்கும், போன வருஷப் பசங்க பாதி விலைக்குக் கொடுப்பாங்க.

ஈஸ்டருக்கு வீட்டுக்கு வரணும்னா டிக்கெட்டை பிப்ரவரிலயே போடு, பார்க் ஸ்டேஷன்ல இருந்து டர்பனுக்கு எட்டு மணி நேரம், கடைசி வாரத்துல விலை எங்கயோ போயிடும்.

அம்மாவோட கேள்வி, கறி எல்லாம் சமைச்சு ஃப்ரீஸ் பண்ணி பஸ்ல கொடுத்து விடலாமான்னு. தாராளமா அம்மா, கூலர் பாக்ஸ்ல ஐஸ் பிளாக் அடுக்கி, டப்பா டப்பாவா ஒரு ஆள் ஒரு வேளை சாப்பிடற அளவுக்குப் போட்டு, ராத்திரி பஸ்ல கொடுத்தா நல்லாத்தான் போய்ச் சேரும். ஆனா ஸ்டூடண்ட் ரூம்னா கிச்சன் பல பேருக்குப் பொதுவா இருக்கும், ஃப்ரீசர்ல பூட்டு இருக்கான்னு முதல்ல கேட்டுக்கோங்க, இல்லன்னா மட்டன் கறி புதன்கிழமையைப் பார்க்காது, பருப்பு மட்டும்தான் மிஞ்சும்.